கார்லைல் சந்தையில் கிடைத்த ராம் ஏர் மேனிஃபோல்டு ஜோடி

வணக்கம் நண்பர்களே. மேசையின் மீது துருவேறிக் கிடக்கும் இந்த இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பாருங்கள். 1969ஆம் ஆண்டு போண்டியாக் ஜிடிஓ காரின் ராம் ஏர் 3 இன்ஜினுக்குரிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் இவை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்புகள். இடமும் வலமும் சேர்ந்த அசல் ஜோடி. பென்சில்வேனியாவில் நடக்கும் கார்லைல் உதிரிபாகச் சந்தையில் 900 டாலர் கேட்டவரிடம் 725 டாலருக்கு வாங்கினேன். அந்த 175 டாலர் எப்படிக் குறைந்தது என்பதை விரிவாகவே சொல்லப்போகிறேன்.

நம் ஜிடிஓவில் இப்போது மேனிஃபோல்டுக்குப் பதிலாக இருக்கும் ஹெடர்கள், அதாவது தனித்தனிப் புகைக்குழாய்கள், எனக்குச் சற்றும் பிடிக்காது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவை வேகத்தடையில் உரசுகின்றன. ஸ்பார்க் பிளக் வயர்களைப் பொசுக்குகின்றன. சாதாரண மேனிஃபோல்டிலோ நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரு குறுகிய அறைக்குள் முட்டி மோதுகிறது. ராம் ஏர் வார்ப்பில் கிளைகள் சிறிது தூரம் தனித்தனியே வளைந்து இறங்கிய பிறகே ஒன்றுசேர்வதால், புகை தடை குறைந்து வெளியேறுகிறது.

என்னை எரிச்சலூட்டுவது, துவாரத்தின் வடிவத்தைச் சொல்லாமல் வெறுமனே 'ராம் ஏர்' என்று எழுதிவைத்து விற்கும் பழக்கம்தான். ராம் ஏர் 3 இன்ஜினின் ஹெட்டில், அதாவது மேனிஃபோல்டு பொருந்தும் சிலிண்டர் மூடியில், எக்ஸாஸ்ட் துவாரம் ஆங்கில D எழுத்தின் வடிவம் கொண்டது. ராம் ஏர் 4, 1971–72ஆம் ஆண்டுகளின் 455 ஹெச்ஓ, 1973–74ஆம் ஆண்டுகளின் சூப்பர் டியூட்டி ஆகிய போண்டியாக் இன்ஜின்களிலோ அது வட்டமானது. ஒன்றுக்குரிய மேனிஃபோல்டு மற்றொன்றில் பொருந்தாது.

பளபளக்கும் வெள்ளி வண்ணம் பூசியவற்றை நான் தொடுவதே இல்லை, ஏனெனில் அந்தப் பூச்சின் அடியில் விரிசலும் வெல்டிங் தழும்பும் எளிதாக மறைந்துவிடும். முன்கூட்டியே சூடேற்றாமலும் மெதுவாக ஆறவிடாமலும் வெல்டிங் செய்த வார்ப்பிரும்பு, ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே மீண்டும் வெடிக்கும். துருவேறிய துண்டைக் கம்பியில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால், விரிசல் இல்லாதது கோயில் மணியைப் போல நீண்டு ஒலிக்கும். சந்தேகம் மிஞ்சினால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசிக் காத்திருக்க வேண்டும். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் தூளின் மீது ஈரக்கோடாக எழும்பும்.

இப்போது விலைக்கு வருகிறேன். வலப்பக்க மேனிஃபோல்டின் வெளிவாயில் ஒரு ஸ்டட், அதாவது தலையில்லாத மரையாணி, உள்ளேயே முறிந்திருந்தது. அதைத் துளையிட்டு எடுக்க முயன்றால் துரப்பணம் மென்மையான வார்ப்பிரும்பின் பக்கம் விலகி மரையைக் கெடுத்துவிடும் என்று விற்பவரிடம் பொறுமையாக விளக்கினேன். பிறகு ஹெட்டில் பொருந்தும் முகத்தின் மீது எஃகு அளவுகோலை நிறுத்தி, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைச் செருகிக் காட்டினேன், 0.008 அங்குலத் தகடு தாராளமாக நுழைந்தது, அதாவது முகம் வளைந்திருந்தது. அவர் 800 என்றார், நான் 700 என்றேன், 725இல் கைகுலுக்கினோம். வீட்டிற்கு வந்ததும் முறிந்த ஸ்டட்டின் மீது ஒரு நட்டை வைத்து, அதன் துளைக்குள் வெல்டிங் வைத்தேன். சூட்டில் விரிந்த ஸ்டட் ஆறும்போது சுருங்கியதால் துருவின் பிடி விட்டது. ஸ்பேனரை மெல்ல முன்னும் பின்னும் அசைத்ததும் முழு ஸ்டட்டும் வெளியே வந்தது. மரைக்கு ஒரு கீறல்கூட இல்லை! இந்த ஸ்டட்டை எத்தனை முறை காட்டினாலும் எனக்கு அலுக்கவில்லை.

வார்ப்புத் தேதியைச் சொல்ல மறந்துவிட்டேன், சற்று பின்னோக்கிச் செல்கிறேன். இடப்பக்கத்தில் 'சி 14 9' என்று இருக்கிறது. ஏ என்றால் ஜனவரி, ஆகவே சி மார்ச். அதாவது 1969 மார்ச் 14. வலப்பக்கத்தில் 'பி 27 9', அதாவது பிப்ரவரி 27. நம் கார் ஏப்ரலில் தொழிற்சாலையை விட்டு வந்ததால், இரண்டு தேதிகளும் அதற்கு முந்தியவையாகச் சரியாக அமைகின்றன. அசல் ஜோடி தேடுபவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இந்த எழுத்தைப் படித்துவிடுங்கள்.

அடுத்ததாக இரண்டையும் மில்லிங் பட்டறைக்குக் கொண்டுசெல்கிறேன். ஒவ்வொரு மேனிஃபோல்டின் எல்லா முகங்களையும் ஒரே பிடிப்பில் வைத்துச் சீவும்படி கேட்கப்போகிறேன். தனித்தனியாகச் சீவினால் அவை ஒரே தளத்தில் அமையாமல், ஹெட்டில் இறுக்கும்போது போல்ட் நுழையும் காது உடைந்துவிடும்.