விமானத்தின் விலையை யார் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒரு சின்ன விமானத் திடலில் பல வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். சொந்த விமானம் என்றதும் கோடீசுவரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எங்கள் திடலில் பள்ளி ஆசிரியரும் பல் மருத்துவரும்கூட விமானம் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் செஸ்னா 172. 1956 முதல் இன்றுவரை 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட நாலு இருக்கை விமானம் அது.

அந்தப் பல் மருத்துவர் திடீரென்று காலமானார். சில வாரம் கழித்து அவர் மனைவி ஓர் அட்டைப்பெட்டியோடு ஹாங்கருக்கு, அதாவது விமானக் கொட்டகைக்கு, வந்தார். பெட்டி நிறைய லாக் புத்தகங்கள், விமானம் பறந்த நேரமும் பார்த்த பழுதும் பதிந்தவை. "ஒருத்தர் ஐம்பதாயிரம் டாலர் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விமானத்தைப் பழுது பார்க்கத் தெரியும், விலை சொல்வது வேறு வேலை. தொழில்முறை மதிப்பீட்டாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றேன்.

வந்தவர் முதலில் விமானத்தின் பக்கமே போகவில்லை. பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பி, அரை நாள் படித்தார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். அந்த லைக்கமிங் எஞ்சினை 2,000 மணி நேரத்தில் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அதற்கு இன்றைக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகிவிடும். ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு விமானங்கள், ஒன்றின் எஞ்சின் 200 மணி, இன்னொன்று 1,900 மணி என்றால் விலை எப்படி ஒன்றாக இருக்கும்? அப்புறம், வருடாந்தரச் சோதனை ஒன்றாவது விட்டுப்போயிருக்கிறதா, பாதுகாப்பு உத்தரவுகள் எல்லாம் நிறைவேறியிருக்கின்றனவா என்று தேதி தேதியாகச் சரிபார்த்தார். நடுவில் ஒரு புத்தகம் இல்லை. அதற்கும் விலையில் கழிவு உண்டு.

பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு விமானத்துக்குப் போனார். எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வால் என்று ஒரு தகடு இருக்கும். மூக்குச் சக்கரம் தரையில் ஓங்கி இடித்திருந்தால் அந்தத் தகட்டில் சுருக்கம் விழும். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கடற்காற்று ஊர் என்பதால் வால் பகுதிக்குள் தலையை நுழைத்து அரிப்பு இருக்கிறதா என்றும் தேடினார். புது பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து விலை சொல்கிற வாங்குபவர் இதில் எதையும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

கணவர் இறந்த தேதியில் விமானம் என்ன பெறும் என்பதையும் அந்த அறிக்கையில் எழுதினார். பின்னால் விற்கும்போது லாபம் எவ்வளவு என்று அங்கே வரித்துறை கணக்குப் போடுவது அந்தத் தொகையை வைத்துத்தான்.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் அடிபடுவது இங்கேதான். விமானக் காப்பீட்டில் பெரும்பாலும் விமானத்தின் மதிப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிவிடுவார்கள். பத்து வருடம் முன்னால் அறுபதாயிரம் டாலர் என்று எழுதி அப்படியே புதுப்பித்து வருகிறீர்கள் என்று வையுங்கள். 2020-க்குப் பிறகு பழைய சிறு விமானங்களின் விலை ஏறி, இப்போது உங்கள் விமானம் ஒரு லட்சம் பெறும். ஆலங்கட்டி மழையில் அடிபட்டு, பழுது பார்க்க ஐம்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். கம்பெனி அறுபதாயிரத்தைக் கொடுத்துவிட்டு விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்தப் பணத்தில் அதே போல் இன்னொன்று வாங்க முடியாது. கூட்டி எழுதினாலும் ஆபத்துதான். நொறுங்கிப்போனதைக்கூடப் பழுது பார்த்தே உங்களிடம் திருப்பித் தருவார்கள். பிரீமியமும் வீணாக அதிகம் கட்டியிருப்பீர்கள்.

பெரிய விமானங்களுக்கும் இதே கதைதான். வரி பாக்கிக்காக 2013-இல் மும்பையில் முடக்கப்பட்ட விஜய் மல்லையாவின் ஏர்பஸ் 319 விமானம் நினைவிருக்கும். 2016-இல் ஏலத்துக்கு ஆதார விலை 152 கோடி ரூபாய் வைத்தார்கள். வந்த கேட்பு 1.09 கோடி. கடைசியில் 2018-இல் சுமார் 35 கோடிக்குப் போனது. பறக்காமல் நிற்கிற விமானம் நாளுக்கு நாள் தேய்கிறது. வாங்கியபோது கொடுத்த விலையை வைத்து அதை எடை போட முடியாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மதிப்பீட்டாளர் அந்த விமானத்தை விற்பவராகவோ வாங்குபவராகவோ இருக்கக் கூடாது. சொல்கிற விலையில் இத்தனை சதவீதம் கூலி என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் மதிப்பீட்டு விதிமுறைகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு வந்த அறிக்கை, முதலில் கேட்டவர் சொன்னதைவிடப் பன்னிரண்டாயிரம் டாலர் கூடுதலாகக் காட்டியது. வேலை முடிந்ததும் மதிப்பீட்டாளர் புத்தகங்களைத் திரும்ப அடுக்கினார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது அவர் கணவர் தான் பறந்த ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வைத்திருந்த விமானி லாக் புத்தகம். "இது விமானத்தோடு சேராது, உங்களிடமே இருக்கட்டும்" என்றார்.