அரளிச் செடியில் ஒரு வெள்ளித் துளி

குழந்தைகளே, இங்கே அல்சூரில் உங்களில் பலர் வீட்டு வாசலில் அரளி இருக்கும். பூஜைக்குப் பூப் பறிக்கப் போகும்போது இலைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சில நாட்களில் அங்கே ஒரு வெள்ளித் துளி தொங்கும். கண்ணாடி போலப் பளபளக்கும். அது வெண்புள்ளிக் கருப்பன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு.

தாய்ப்பூச்சி அரளி, ஆல், நன்னாரி இலைகளில் ஒவ்வொரு முட்டையாக இடும். சில நாட்களில் புழு வெளிவரும். அதற்குத் தின்பது ஒன்றே வேலை. உடல் பெருக்கப் பெருக்கத் தோல் பற்றாது. பழையதைக் கழற்றிவிட்டு மறுபடி தின்னும். அரளி நமக்கு நஞ்சு, வாயில் வைத்துவிடாதீர்கள்! அந்தப் புழுவுக்கோ அதுதான் சோறு.

கூட்டுக்குள் நடப்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. அது சின்னப் புழுவாக இருந்தபோதே உள்ளே பத்திரமாக வைத்திருந்த உயிரணுத் திரள்களிலிருந்து இறக்கையும் காலும் உருவாகின்றன. வெளியே வரும்போது இறக்கை ஈரத்துணி போலச் சுருங்கியிருக்கும். உடலின் நீரை அதற்குள் செலுத்தித்தான் விரிக்கும். பாவம் என்று விரலால் பிரித்துவிட்டால், அது வாழ்நாளெல்லாம் பறக்காமலே போகலாம்.

இந்தக் கருப்பனும், நீல வரியன், கருநீல வரியன் ஆகியவையும் பயணிகள். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஏப்ரல், மே மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்குப் புறப்படுகின்றன. அக்டோபர், நவம்பரில் கூட்டங்கூட்டமாக மேற்கே போகின்றன. நம் பெங்களூரு அந்த வழியில் இருக்கிறது. இடையில் கிலுகிலுப்பைச் செடியில் ஆண்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்க்கலாம். அதன் சாற்றிலிருந்துதான் பெண்பூச்சியைக் கவரும் மணத்தைச் சேர்த்துக்கொள்கின்றன.

அமெரிக்கக் கண்டத்து மொனார்க் பூச்சிகளில் சில 4,000 கிலோமீட்டர் வரை பறந்து மெக்சிகோ மலைக்காட்டை அடைகின்றன. அந்தக் காடு 1975-இல்தான் ஆய்வாளர்களுக்குத் தெரிய வந்தது. அங்கே போகும் பூச்சி அதற்குமுன் அந்த வழியில் போனதே இல்லை. போன ஆண்டு போய்வந்தது அதன் கொள்ளுப்பாட்டியாக இருக்கும்!

பெற்றோர்களே, அரளியைக் கழிக்கும்போது புழு இருக்கும் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தைகளே, மே மாதத்தில் மொட்டை மாடியில் நின்று ஒரு நோட்டில் மூன்றே விஷயங்களை எழுதுங்கள்: தேதி, நேரம், பூச்சி போன திசை.