புலியைப் படம் எடுத்தபோது போட்டோகிராபர் அங்கே இல்லை

[திரையில்: மரத்தை அணைத்து நிற்கும் புலி]

இந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் புலி, பழைய ஃபிர் மரம் ஒன்றை முன்னங்கால் இரண்டாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கன்னத்தைப் பட்டையில் தேய்க்கிறது. பாசமெல்லாம் இல்லை, தன் உடம்பு வாசனையை மரத்தில் பூசி 'இது என் எல்லை' என்று மற்ற புலிகளுக்குத் தகவல் வைக்கிறது, அவ்வளவுதான்.

எடுத்தவர் ரஷ்யாவின் செர்கேய் கோர்ஷ்கோவ். இடம், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் சீன எல்லையை ஒட்டியுள்ள 'லேண்ட் ஆஃப் தி லெப்பர்ட்' தேசியப் பூங்கா. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2020-ல் முதல் பரிசு. ஆனால் ஷட்டர் விழுந்த நொடியில் அங்கே மனுஷ வாடையே கிடையாது, மரத்துக்கு எதிரே ஒரு தானியங்கி கேமராதான் இருந்தது.

சரி, அந்தப் பெட்டிக்குப் புலி வந்தது எப்படித் தெரியும்?

[திரையில்: சென்சாரின் வரைபடம்]

உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது. அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, வெப்பத்தைப் பார்க்கிறது. சூடான உடம்பு ஒன்று அதன் பார்வையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தால், வெப்பம் மாறுவதை உணர்ந்து கேமராவைத் தட்டிவிடும். அதனால்தான் குறுக்கே நடக்கிற விலங்கு எளிதில் சிக்கும், நேராக கேமராவை நோக்கி வருகிற விலங்கு தாமதமாகத்தான் சிக்கும். உச்சி வெயிலில் காற்றின் சூடும் உடம்புச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் கண்ணெதிரே போனாலும் கோட்டைவிடும், வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலோ சும்மாவே படமெடுத்துத் தள்ளும். ரஷ்யக் குளிரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

"மெஷின் எடுத்த படத்துக்கு எதுக்குப் பரிசு" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோர்ஷ்கோவ் காடு முழுக்க அலைந்து, வாசனை, பட்டையில் ஒட்டிய முடி, நகக்கீறல் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த மரத்தைப் பிடித்தார். புலிகள் இப்படிக் குறி வைக்கும் மரங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். 2019 ஜனவரியில் கேமரா வைத்தார், படம் கிடைத்தது நவம்பரில். எங்கே ஃபோகஸ், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து, ஃபிரேமுக்குள் எவ்வளவு காடு தெரிய வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஒரு மனிதர் முடிவு செய்தாக வேண்டும், புலிக்கு மிச்சமிருந்த வேலை வந்து நிற்பது மட்டுமே.

இது புது வித்தையும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்ற வக்கீல், முன்னாள் வேட்டைக்காரர், கயிற்றை விலங்கு இழுத்தால் ஃப்ளாஷ் வெடித்துப் படம் விழுகிற மாதிரி நூறு வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார். அவருடைய 74 படங்கள் 1906 ஜூலை நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வந்தன.

ஆளில்லாமல் எடுப்பதில் தில்லுமுல்லுக்கும் வழி இருக்கிறது. இதே போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது, இரவில் மரவேலியைத் தாண்டும் ஒரு ஓநாய். அதுவும் சென்சார் வைத்து எடுத்த படம்தான். அது காட்டு ஓநாய் இல்லை, மனிதர் பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து 2010-ல் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். காட்டு ஓநாய் ஏன் மெனக்கெட்டுத் தாண்ட வேண்டும், வேலிக் கம்புகளுக்கு நடுவே நுழைந்து போயிருக்குமே என்ற கேள்விதான் எனக்கு இன்னும் பிடிக்கிறது.

[திரையில்: முதுமலைக் காட்டுப் பாதை]

நம்மூர்க் காடுகளிலும் புலிக் கணக்கெடுப்புக்கு இந்தப் பெட்டிகள்தான். பாதையின் இரு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு வைப்பார்கள், ஏனென்றால் உடம்பு வரியை வைத்துத்தான் எந்தப் புலி என்று அடையாளம் காண்கிறார்கள், ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. 2018 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்து எடுத்தது 3.48 கோடி படங்கள், அதில் புலி இருந்தது வெறும் 76,651-ல்.

அப்புறம், ஆன்லைனில் ஒன்று வாங்கிக் காட்டில் கட்டலாமா என்று கமெண்டில் கேட்காதீர்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. வீட்டுத் தோட்டம் இருந்தால் முழங்கால் உயரத்தில் கட்டிப் பாருங்கள், கீரியோ மரநாயோ வரலாம், பக்கத்து வீட்டுப் பூனை கட்டாயம் வரும்.