சேலத்திலிருந்து சூப்பர் 1000 வரை: பேட்மிண்டன் சிங்கிள்ஸ் ஆட்டக்காரர் ஏறும் படிகள்

[காட்சி: தகரக் கூரை போட்ட உள்ளரங்கம். பச்சை மேட். நான்கு பேர் டபுள்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.]

வணக்கம். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், சூரமங்கலம் பக்கமெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஷட்டில் கோர்ட் கிடைப்பது கஷ்டம். வாடகை மணிக்கு இவ்வளவு என்று இருக்கும். நான்கு பேர் சேர்ந்து டபுள்ஸ் ஆடினால் ஆளுக்குக் கால் பங்குதான், கட்டுப்படியாகும். அதே கோர்ட்டில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி சிங்கிள்ஸ் பழக வேண்டுமென்றால் வாடகையை இரண்டாகத்தான் பிரிக்க முடியும். கோச் மட்டும் எதிரில் நின்று ஷட்டில் போட்டுக் கொடுத்தால் முழு வாடகையும் அவள் வீட்டுக்குத்தான். சிங்கிள்ஸ் ஆட்டக்காரரின் செலவுக் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்தப் பெண் தொழில்முறை ஆட்டக்காரராக வேண்டுமென்றால் எத்தனை படி ஏற வேண்டும், எந்தப் படியில் பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். டிவியில் நாம் பார்ப்பது மேல்படியை, சூப்பர் 1000 போன்ற பெரிய போட்டிகளை மட்டும். பெரும்பாலானவர்களின் ஆட்டம் முடிந்துபோவது நடுப்படியில், யாரும் பார்க்காத இடத்தில். அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்போம்.

[காட்சி: வலதுகை ஆட்டக்காரர் ஒருவரின் இடது ஷூ, மிக நெருக்கத்தில். பெருவிரல் பக்கத்து உள் ஓரம் தேய்ந்திருக்கிறது.]

முதலில் உடம்பு. சிங்கிள்ஸ் கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 5.18 மீட்டர். அதில் பாதி உங்களுடையது, அதைக் காக்க நீங்கள் ஒருவர்தான். நடுவில் நின்று, எதிராளி அடிக்கும் நொடியில் சின்னதாக ஒரு துள்ளல். உடனே ஏதாவது ஒரு மூலைக்கு ஓட்டம், கடைசி எட்டில் ஒரு காலை நீட்டிப் பாய்ந்து வைக்கும் லஞ்ச், திரும்ப நடுவுக்கு. லஞ்ச் போகும்போது ராக்கெட் பக்கத்துக் காலின் குதிகால் முதலில் பதிய வேண்டும், பின்கால் தரையில் இழுபட்டு வர வேண்டும். திரையில் தெரியும் இந்த ஷூவைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. இழுத்து இழுத்துத் தேய்ந்தது அது. சிங்கிள்ஸ் பழகும் பிள்ளைகளின் ஷூவைப் பார்த்தே பயிற்சி எவ்வளவு நடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

[காட்சி: அடிவாரம் தாண்டி ஏற்காடு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவின் எண் பலகை.]

அடுத்தது ஷட்டில். இதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் நம்மிடம் மலை இருக்கிறது. ஷட்டில் அடைத்து வரும் ஒரே குழாய் டப்பாவிலிருந்து இரண்டு ஷட்டில் எடுத்து ஒன்றைச் சேலத்திலும் மற்றொன்றை 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டிலும் அடித்துப் பாருங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி குறைவு, தடுக்க ஆள் இல்லாததால் ஷட்டில் நீளமாகப் போகும். குளிர் அதைக் கொஞ்சம் மந்தமாக்கும், ஆனால் உயரம் அதை மிஞ்சிவிடும். இங்கே கோட்டுக்குள் விழுந்த அடி அங்கே வெளியே போய் விழும்.

இதைச் சோதிக்க விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக, முழு வீச்சில் அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் அந்த ஷட்டில் அந்த அரங்கத்துக்குச் சரி. குழாயின் மேல் 76, 77 என்று எண் போட்டிருப்பது இதற்காகத்தான். எண் குறையக் குறைய ஷட்டில் மெதுவாகப் போகும். கோடையில் சேலத்து வறட்சியில் இறகு சீக்கிரம் உடைகிறது என்று முந்தின நாளே ஷட்டிலுக்கு ஆவி காட்டி வைக்கும் ஆட்கள் உண்டு. பதினாறு இறகு, ஐந்து கிராம் சொச்சம் எடை. அதற்கு இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், சர்க்யூட்டில், அதாவது சர்வதேசப் போட்டிகளில் தொடர்ந்து ஆடுபவருக்கு ஏறக்குறைய வாராவாரம் ஊர் மாறும். ஒவ்வோர் ஊரிலும் காற்று வேறு, ஷட்டில் வேகம் வேறு. பெரிய ஏசி அரங்கங்களில் டிரிஃப்ட் என்ற ஒன்று உண்டு. காற்று ஒரு பக்கமிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் ஆடும்போது, உயரத் தூக்கிப் பின்னால் அடிக்கும் லிஃப்ட் எல்லாம் வெளியே போகும், பக்கம் மாறியதும் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பின்கோட்டை எட்டாது. கதவையெல்லாம் சாத்திவிட்டு வேர்த்து வேர்த்து ஆடிப் பழகிய நம் பிள்ளைகள் முதல் தடவை அதில் மாட்டும்போது திணறிப்போகிறார்கள்.

[காட்சி: மாவட்டப் போட்டி டிரா தாள், சுவரில் ஒட்டியிருக்கிறது.]

சரி, படிகளுக்கு வருவோம். ஜூனியர் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 11, 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். மாவட்டம், மாநிலம், அகில இந்தியத் தரவரிசைப் போட்டி என்று வரிசை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் கோப்பையும் இருக்கிறது. இதில் நல்லபடியாக வருபவர்கள் பலர் ஒரு கட்டத்தில் ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சேலத்திலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், அங்கே பிரகாஷ் படுகோன் பெயரில் அகாடமி இருக்கிறது. இன்னும் தள்ளிப் போனால் ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமி.

ஆனால் ஊரை விட்டுப் போனால்தான் உண்டு என்று நான் சொல்லமாட்டேன். சென்னையைச் சேர்ந்த சங்கர் முத்துசாமி அண்ணாநகரில் உள்ள ஓர் அகாடமியில் பயிற்சி எடுத்தவர். 2022-ல் ஸ்பெயினின் சான்டாண்டரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வென்றார். நல்ல கோச், கூடவே ஆட ஓரளவு சமமான ஆட்கள், இந்த இரண்டும் இருந்தால் தமிழ்நாட்டுக்குள்ளேயே அவ்வளவு தூரம் போக முடிகிறது. சேலம் போன்ற ஊர்களில் கோர்ட் வந்துவிட்டது, கோச்சும் இருக்கிறார்கள். சமமான ஆட்கள் பத்துப் பேர் ஒரே இடத்தில் சேர்வதுதான் இன்னும் நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள் மட்டும். 2,500. 3,000.]

இப்போது அந்த நடுப்படி. பிள்ளைக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. இனி ஜூனியர் கிடையாது, உலகத் தரவரிசைப் புள்ளி வேண்டும். கணக்கு இதுதான்: கடைசி 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். எந்தப் போட்டிக்குள் நுழையலாம் என்பதை அந்தக் கூட்டுத்தொகைதான் தீர்மானிக்கும்.

போட்டிகளில் கீழிருந்து மேலாக ஃபியூச்சர் சீரிஸ், இன்டர்நேஷனல் சீரிஸ், இன்டர்நேஷனல் சேலஞ்ச். அதற்கு மேல் சூப்பர் 100, 300, 500, 750, 1000. ஆல் இங்கிலாந்து, மலேசியா ஓபன், இந்தோனேசியா ஓபன், சீனா ஓபன் ஆகிய நான்கும் சூப்பர் 1000.

ஓர் இன்டர்நேஷனல் சீரிஸ் போட்டியில் ஐந்து, ஆறு ஆட்டம் ஜெயித்துக் கோப்பையை வாங்கினால் 2,500 புள்ளி. சூப்பர் 1000 போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்தால் 3,000 புள்ளி. இதை இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் தோற்று வாங்குவது, வெளியே இருப்பவர் ஜெயித்து வாங்குவதைவிட அதிகம். பெரிய போட்டியில் எதிரில் நிற்பவர்களின் தரம் அப்படி, அதனால் இதை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் கீழிருந்து ஏறுபவருக்கு இது எவ்வளவு உயரமான சுவர் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பாருங்கள். 2023-ல் சூப்பர் 300 போட்டிக்கு மொத்தப் பரிசு குறைந்தது 2,10,000 டாலர். அதில் சிங்கிள்ஸ் வெற்றியாளருக்கு 15,750 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 13 லட்சம் ரூபாய். ஒரு சுற்று ஜெயித்து அடுத்த சுற்றில் தோற்றால் 735 டாலர், அதாவது ஏறக்குறைய 60 ஆயிரம் ரூபாய். முதல் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. போட்டி ஐரோப்பாவில் என்றால் அந்த 60 ஆயிரம் விமான டிக்கெட்டுக்கே போதாமல் போகலாம். ஓட்டல், சாப்பாடு, விசா, ராக்கெட்டுக்கு நரம்பு எல்லாம் அதற்கு மேல். இன்டர்நேஷனல் சேலஞ்ச், சீரிஸ் போட்டிகளில் பரிசு இதைவிட மிகவும் குறைவு. ஃபியூச்சர் சீரிஸில் பரிசுத்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

[காட்சி: இரவில் ஒரு பேருந்து நிலையம். தோளில் நீளமான ராக்கெட் பை.]

இன்னொரு தொல்லை, ரிசர்வ் பட்டியல். பெயர் கொடுத்திருப்பீர்கள், இடம் கிடைத்திருக்காது, காத்திருப்போர் வரிசையில் ஐந்தாவதாக இருப்பீர்கள். யாராவது விலகினால் மேலே வருவீர்கள். விலகுவது கடைசி வாரத்தில்தான் நடக்கும். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் இடம் கிடைக்காமல் பணம் போகலாம், கிடைத்தபின் எடுத்தால் விலை இரண்டு மடங்கு. போன இடத்தில் கோச் இருக்கமாட்டார், அவரையும் கூட்டிப்போக வசதி இருக்காது. 11 புள்ளி இடைவேளையில் கிடைக்கும் 60 நொடியில், அடுத்த கோர்ட்டில் ஆடி முடித்த நம் நாட்டு ஆட்டக்காரர் யாராவது வந்து பின்னால் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்வார். சர்க்யூட்டில் இது சகஜம். இப்படி இரண்டு, மூன்று வருடம். திறமை இல்லாமல் விட்டுவிடுபவர்களைவிட, இந்த வருடங்களைத் தாக்குப்பிடிக்கப் பணமும் துணையும் இல்லாமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால்தான் இந்தியாவிலேயே நடக்கும் போட்டிகள் இவ்வளவு முக்கியம். கட்டாக்கில் நடக்கும் ஒடிசா மாஸ்டர்ஸ் சூப்பர் 100 போட்டியை 2023-ல் வென்றவர் தமிழ்நாட்டு வீரர் சதீஷ்குமார் கருணாகரன். சூப்பர் 100 வெற்றிக்கு 5,500 புள்ளி. ரயிலில் போய் வாங்கி வரக்கூடிய புள்ளி அது. தமிழ்நாட்டில் இப்படி இரண்டு போட்டி நிலையாக நடந்தால் இங்குள்ள பிள்ளைகளுக்கு வழி எவ்வளவு சுலபமாகும்!

சங்கர் முத்துசாமியையும் இங்கே திரும்பப் பார்க்க வேண்டும். ஜூனியரில் வெள்ளி வென்றவர், சீனியரில் பெரிய பெயரைச் சாய்த்துப் பேசப்பட்டது 2025 மார்ச் மாதம், சுவிஸ் ஓபனில். அப்போது உலகின் இரண்டாம் நிலையில் இருந்த டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ஆன்டன்சனை 18-21, 21-12, 21-5 என்று வென்றார். இடையில் இருப்பது இரண்டரை வருடம். உலக ஜூனியர் பதக்கம் வாங்கியவருக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது என்றால் மற்றவர்களுக்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: கோர்ட்டில் மண்டியிட்டு மூச்சு வாங்கும் வீராங்கனை, வரைபடமாக.]

மேல்படிக்குப் போய்விட்டால் பிரச்சினை வேறு மாதிரி. சிங்கிள்ஸில் முதல் 15 இடங்களுக்குள் வந்துவிட்டால் நான்கு சூப்பர் 1000, ஆறு சூப்பர் 750, இரண்டு சூப்பர் 500 என வருடத்துக்கு 12 போட்டி கட்டாயம். ஓய்வு வேண்டும் என்று நினைத்தாலும் சுலபமாக எடுக்க முடியாது. 2017 கிளாஸ்கோ உலகப் போட்டி இறுதியில் பி.வி. சிந்துவும் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடம் ஆடினார்கள். அதில் ஒரே ஒரு புள்ளிக்கான ராலியில் மட்டும் ஷட்டிலை 73 முறை அடித்தார்கள். சிந்து தோற்றார், இரண்டு வருடம் கழித்து பாசலில் அதே ஒகுஹாராவை வென்று உலக சாம்பியன் ஆனார். ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்பெயினின் கரோலினா மரினுக்கு 2019-ல் வலது முழங்காலில் காயம், 2021-ல் இடது முழங்காலில், 2024 பாரிஸ் அரையிறுதியில் முன்னிலையில் இருக்கும்போது திரும்பவும் வலது. இந்த ஆட்டத்தில் எல்லா பாரமும் முழங்காலில்தான் வந்து இறங்குகிறது. ஆகவே பிள்ளைகளைத் தினமும் ஏற்காடு ரோட்டில் மேலும் கீழுமாக ஓடவிடும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஏறுவது நல்லது. இறங்கும்போது வண்டியில் கூட்டிவந்துவிடுங்கள்.

பாரா பேட்மிண்டனைச் சொல்லாமல் விடக்கூடாது. பாரிஸ் 2024 பாராலிம்பிக்கில் பெண்கள் சிங்கிள்ஸில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், ஓசூரின் நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலம். மூவரும் தமிழ்நாட்டுப் பெண்கள். ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற மாரியப்பனைத் தந்த சேலம் மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: சேலம் காந்தி ஸ்டேடியம் நுழைவாயில்.]

அப்புறம், சோறு. பெரும்பாலான இந்திய ஆட்டக்காரர்கள் பரிசுப் பணத்தில் வாழ்வதில்லை. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வருமான வரித்துறை இப்படி ஏதாவது ஒன்றில் வேலை இருக்கும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் எலைட், மிம்ஸ், சாம்பியன்ஸ் டெவலப்மெண்ட் என்று தரத்துக்கு ஏற்ற உதவித் திட்டங்களும், பயணச் செலவுக்கு விண்ணப்பிக்கத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் உண்டு. காந்தி ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். சான்றிதழ்களை முதல் மாவட்டப் போட்டியிலிருந்தே பத்திரமாக வைத்திருங்கள், எல்லா விண்ணப்பத்துக்கும் அதுதான் ஆதாரம்.

எத்தனை வயது வரை ஆடலாம்? இந்திய வீரர் எச்.எஸ். பிரணாய் தன் முதல் வேர்ல்ட் டூர் (சூப்பர் வகைப் போட்டிகளின் தொடர்) பட்டத்தை, மலேசியா மாஸ்டர்ஸை, 2023 மே மாதம் வென்றபோது அவருக்கு வயது 30. அதே வருடம் உலகப் போட்டியில் அரையிறுதிக்குப் போய் வெண்கலமும் வாங்கினார். இருபத்திரண்டு வயதில் தரவரிசை நூறுக்கு வெளியே இருக்கிறது என்பதற்காக ராக்கெட்டை வைத்துவிட வேண்டியதில்லை.

வீடியோவை நிறுத்தியதும் ஒரு வேலை செய்யுங்கள். உலக பேட்மிண்டன் சம்மேளனத்தின் தரவரிசைப் பக்கத்தில் எண்பதாவது இடத்தில் இருப்பவரின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பத்துப் போட்டியில் எவ்வளவு புள்ளி என்று வரும். அந்தப் பத்து ஊர்களுக்கும் சேலத்திலிருந்து போய்வர என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு பிள்ளையின் கோச்சிடம் போய் உட்காருங்கள்.