லிடியா டி வேகாவின் 11.28

நேயர்களே, வணக்கம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்த ஆண்டு அது. நேரு ஸ்டேடியத்தில் பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம், பதினெட்டு வயது பி.டி. உஷா ஓடுகிறார், நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளிதான் கிடைத்தது. தங்கத்தை வாங்கிப் போனவர் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. அவருக்கும் அப்போது பதினெட்டு ஆகவில்லை, டிசம்பரில்தான் பிறந்தநாள். நம் ஊரில் அவரை "உஷாவைத் தோற்கடித்த பொண்ணு" என்றே பேசினார்கள், இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். இது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை என்று நான் நினைக்கிறேன், அதனால்தான் இன்று அவரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

பிலிப்பைன்ஸ் பெண்களுக்கு ஆசிய மைதானம் புதிதல்ல. 1962 ஜகார்த்தாவில் மோனா சுலைமான் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் எடுத்தார், 1966 பாங்காக்கில் ஜோசபின் டி லா வின்யா வட்டு எறிதலில் தங்கம் எடுத்தார். அந்த வரிசையில் வந்தவர்தான் லிடியா. மணிலாவுக்கு வடக்கே புலாகான் மாகாணத்தில் மேகவாயன் என்ற ஊர். பயிற்சியாளர் வேறு யாரும் இல்லை, சொந்த அப்பா பிரான்சிஸ்கோ டி வேகாதான்.

அப்புறம் ஒரு அரசுத் திட்டம் வருகிறது. 1979 இல் பிலிப்பைன்ஸின் அப்போதைய அதிபர் பெர்டினாண்ட் மார்க்கோஸின் ஆட்சி 'கின்டோங் அலாய்' என்ற பெயரில் விளையாட்டு வீரர்களைத் தேடிப் பிடித்து வளர்க்க ஆரம்பித்தது. பொறுப்பில் இருந்தவர் மைக்கேல் கியோன், மார்க்கோஸின் உறவினர். இளம் ஓட்டக்காரர்களைப் பாகியோ மலை நகரத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், சாப்பாடு, தங்குமிடம், வெளிநாட்டுப் போட்டி எல்லாம் சேர்த்து. அந்த ஆட்சி எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ராணுவச் சட்டம், சிறை, கொள்ளை எல்லாம் பார்த்த நாடு அது. ஆனாலும் அந்தத் திட்டம் வேலை செய்தது, அதை மறைத்துப் பேச முடியாது. 1981 மணிலா தென்கிழக்காசிய விளையாட்டில் லிடியா 200, 400 மீட்டர் தங்கங்களை எடுத்தபோது வயது பதினாறு. அடுத்த வருடம் டெல்லி.

சரி, உஷா கதைக்கு வருவோம், அதை விட்டுவிட்டு லிடியாவைப் பேசவும் முடியாது. 1983 குவைத் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 100, 200 இரண்டும் லிடியாவுக்கு. 1985 ஜகார்த்தாவில் உஷா ஐந்து தங்கம் அள்ளினார், அதில் 100, 200 இரண்டும் உண்டு. எல்லோரும் லிடியா முடிந்தார் என்று நினைத்திருப்பார்கள். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் உஷா நான்கு தங்கம் எடுத்தார், நமக்கு அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த 100 மீட்டரை 11.53 வினாடியில் ஜெயித்தவர் லிடியா, உஷாவுக்கு 11.67. உஷா தன் வாழ்க்கையின் உச்சத்தில் இருந்த அந்த வாரத்தில் அவரை நேருக்கு நேர் வென்ற ஒரே ஆள் இவர்தான், இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். 200 மீட்டரில் உஷா முதலிடம், லிடியா வெள்ளி, இடைவெளி வினாடியில் நூறில் சில பங்குதான். இன்னொன்றையும் கவனியுங்கள், அதே 1986 பிப்ரவரியில்தான் மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் திரண்டு மார்க்கோஸ் நாட்டை விட்டே ஓடினார். தன்னை வளர்த்த ஏற்பாடு ஆட்டம் கண்ட வருடத்தில் அவர் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

1987 இல் சிங்கப்பூர் ஆசிய சாம்பியன்ஷிப்பில் மறுபடி 100, 200 தங்கம். அதே வருடம் ஜகார்த்தா தென்கிழக்காசிய விளையாட்டில் 100 மீட்டரை 11.28 வினாடியில் ஓடினார். இடையில் ஓட்டத்தை விட்டு விலகி, பிறகு திரும்பி வந்து, 1991 இல் சொந்த மக்கள் முன்னால் மணிலா தென்கிழக்காசிய விளையாட்டில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். 1994 இல் ஓய்வு.

அந்த 11.28 இல்தான் என் மனம் நிற்கிறது. பிலிப்பைன்ஸ் தேசிய சாதனையாக அது 33 வருடம் இருந்தது, 2020 இல் கிறிஸ்டினா நாட் 11.27 ஓடித்தான் முறியடித்தார், நூறில் ஒரு பங்கு வித்தியாசம். இப்படி ஒரு சாதனை பல வருடம் அசையாமல் இருந்தால் அவரைப் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் இத்தனை வருடத்தில் இன்னொரு லிடியா ஏன் வரவில்லை என்று யாராவது கேட்க வேண்டாமா? ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் 1986 க்குப் பிறகு பிலிப்பைன்ஸுக்கு அடுத்த தங்கம் வந்தது 2023 ஹாங்சோவில், கோலூன்றித் தாண்டும் ஈ.ஜே. ஒபியேனா மூலம். 37 வருடம்! மேகவாயன் மாதிரி ஊர்களில் வேகமாக ஓடும் பெண்கள் பிறக்காமல் போய்விட்டார்களா என்ன? பிறந்திருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய், சாப்பாடு போட்டு, வருடக்கணக்கில் பொறுமையாக வளர்க்கும் வேலைதான் நின்றுபோனது. மார்க்கோஸ் போனது நல்லதுதான், அவரோடு சேர்த்து அந்த வேலையையும் கைவிட்டிருக்க வேண்டாம்.

லிடியா பின்னாளில் சிங்கப்பூருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி கொடுத்தார். 2019 இல் அவர் பிறந்த புலாகான் மாகாணத்திலேயே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுத் தொடக்க விழாவில், கொடி ஏந்திய முன்னாள் வீரர்களில் ஒருவராக நடந்தார். மார்பகப் புற்றுநோயால் 2022 ஆகஸ்ட் 10 அன்று காலமானார், வயது 57 தான். மகள் ஸ்டெபனி வாலிபால் வீராங்கனை.