வாளைவிடப் பேனா வலிமையானது, ஆனால் யார் கையில் இருக்கும் பேனா?

வணக்கம் நண்பர்களே. 'வாளைவிடப் பேனா வலிமையானது' என்று பள்ளிப் பேச்சுப் போட்டியில் நம்மில் பலர் முழங்கியிருப்போம். அதை எழுதியவர் எட்வர்டு புல்வர் லிட்டன். 1839-இல் மேடையேறிய 'ரிஷலியூ' நாடகத்தில் வரும் வரி அது. விக்டோரியா காலத்தில் நாவல்கள் அமோகமாக விற்ற ஆள். டிக்கன்ஸே இவர் பேச்சைக் கேட்டுத்தான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவை மாற்றினார்.

1827-இல் அம்மா பேச்சை மீறி ரோசினா என்ற ஐரிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அம்மா பணத்தை நிறுத்தினார். பிழைப்புக்காக எழுதியே பெயர் வாங்கினார். 1831-இல் நாடாளுமன்றம் போனார். அங்கே செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏழைகள் பத்திரிகை வாங்க முடியாதபடி பிரதிக்கு 4 பென்ஸ் முத்திரை வரி இருந்தது. அதை எதிர்த்துப் பேசினார். 1836-இல் அது 1 பென்னியாகக் குறைந்தது.

அதே 1836-இல் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். அப்புறம் பிள்ளைகளையும் ரோசினாவிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அவரும் பேனாவை எடுத்தார். 'வாளைவிடப் பேனா' வசனம் மேடையேறிய அதே 1839-இல், கணவரைத் தாக்கி 'செவலி' என்று ஒரு நாவல் எழுதினார்.

1858 ஜூன். லிட்டன் குடியேற்ற நாடுகளின் அமைச்சராகி, ஹெர்ட்ஃபோர்டில் மறுபடி ஓட்டுக் கேட்டு நிற்கிறார். கூட்டத்துக்குள் ரோசினா வந்து, எல்லோர் முன்னாலும் அவர் செய்ததையெல்லாம் சொல்கிறார். சில நாட்களில் மருத்துவர்களிடம் சான்றிதழ் வாங்கி, ரோசினாவைப் பிரென்ட்ஃபோர்டில் ஒரு மனநல விடுதியில் அடைத்துவிட்டார்கள். அவர் வாழ்ந்த டான்டன் ஊரில் மக்கள் கூட்டம் போட்டுக் கேள்வி கேட்டார்கள். பத்திரிகைகள் எழுதின. ஆமாம், யாருக்காக லிட்டன் வரியைக் குறைக்கப் பேசினாரோ, அந்தப் பத்திரிகைகள்தான். ஏறக்குறைய 3 வாரத்தில் ரோசினா வெளியே வந்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவர்கள் மகன் ராபர்ட் லிட்டனை நமக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜனங்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்தபோது வைஸ்ராயாக இருந்தவர். 1878-இல் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்தவரும் இவரே.

லிட்டன் 1873-இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். ரோசினா 1882-இல் போனார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 1995-இல்.