தூள் பேஸ்டலும் பிள்ளைகள் மனதும்

(ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நடத்திய ஓவியப் பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் அப்பா அம்மாக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நம் ஊரில் எந்தப் பிள்ளையிடமாவது ஒரு தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடித்ததை வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் அரைச் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னைமரம். நீங்களும் இதைத்தான் வரைந்தீர்கள், நானும்தான். அந்தப் படத்தில் பிள்ளையின் மனதைத் தேடினால் கிடைக்காது. அது டிராயிங் மாஸ்டர் கரும்பலகையில் போட்ட படம். அவருக்கு அவருடைய மாஸ்டர் போட்டுக் காட்டியது.

நூறு வருடத்துக்கு முன்பு ஜப்பானிலும் இதே கதைதான். பள்ளியில் ஓவியம் என்றால், அச்சடித்த மாதிரிப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வரைவது. கனாயே யமமோதோ என்ற ஓவியர் பிரான்சில் சில வருடம் இருந்துவிட்டு, 1916-ல் ரஷ்யா வழியாக ஊர் திரும்பினார். வழியில் மாஸ்கோவில் குழந்தைகளின் படங்களைப் பார்த்தார். அது அவரை விடவில்லை. 1919-ல் நாகனோ பகுதியில் ஒரு பள்ளியில், பிள்ளைகள் தங்கள் இஷ்டப்படி வரைந்த படங்களுக்கென்றே கண்காட்சி நடத்தினார். மாதிரிப் புத்தகத்தை மூடு, கண்ணால் பார்த்ததை வரை என்பதுதான் அவர் கேட்டது.

சரி, பிள்ளை இஷ்டப்படி வரையக் கையில் எதைக் கொடுப்பது? மெழுகுக் கிரேயான் கெட்டியாக இருக்கும், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று சரியாகக் கலக்காது. பேஸ்டல் என்ற தூள் வண்ணக்குச்சி அருமையாகக் கலக்கும், ஆனால் உதிர்ந்து கொட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை சகுரா என்ற நிறுவனம் 1925-ல் கொண்டுவந்தது. பெயர் கிரே-பாஸ். முதலில் வெயில் காலத்துக்குக் கொஞ்சம் கெட்டியாக ஒன்று, குளிர் காலத்துக்கு இளக்கமாக ஒன்று என்று இரண்டு வகை விற்றார்களாம். இன்று நம் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் தொங்கும் ஆயில் பேஸ்டல் டப்பாவுக்கு மூதாதை அதுதான்.

நான் இன்று கொண்டுவந்திருப்பது ஆயில் பேஸ்டல் இல்லை, தூளாக உதிரும் பழைய வகை. நிறமி, சுண்ணத் தூள், பிடித்துவைக்கக் கொஞ்சம் பிசின், அவ்வளவுதான். ஜப்பானில் இன்று 'நகோமி' என்ற பெயரில் இதைக் கொண்டு ஒரு முறை செய்கிறார்கள். கையகலச் சதுரத் தாள், குச்சியைச் சுரண்டி எடுத்த தூள், விரல். பிரஷ்ஷே வேண்டாம். டீ வடிகட்டியில் குச்சியைத் தேய்த்தால் தூள் பொலபொலவென்று விழும். அதை விரலால் வட்டமாகத் தேய்த்துப் பரப்ப வேண்டியதுதான். வெள்ளை வேண்டுமா, ரப்பரால் அழித்தால் நிலா வந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், கோடு தேவையில்லை என்பது. "எனக்கு வரைய வராது மிஸ்" என்று கையைக் கட்டிக்கொள்ளும் பிள்ளை பயப்படுவது கோட்டுக்குத்தான். கோடு கோணினால் எல்லாருக்கும் தெரியும். தேய்த்த நிறத்தில் தப்பு என்று எதைக் காட்டுவது? நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. கோலப்பொடியில் கை வைத்த பிள்ளைக்குத் தூளின் குணம் தெரியும். தேய்த்துக்கொண்டே இருக்கும்போது கைக்கு வேலை இருக்கிறது, கண் தாளில் இருக்கிறது, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு அப்போதுதான் தானாக வரும். நேருக்கு நேர் உட்காரவைத்து "என்ன ஆச்சு, சொல்லு" என்றால் வராது.

வந்த பேச்சைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். "இது என்ன, யானையா?" என்று கேட்கிறோம். பிள்ளை யானை என்று எதையும் நினைக்கவில்லை. நாம் கேட்டதற்காகத் தும்பிக்கை சேர்க்கிறது. "சூப்பர்!" என்பதும் அப்படித்தான். அடுத்த முறை அதே சூப்பருக்காக அதே படம் வரும். "இந்த நீலம் இங்கே அடர்த்தியாக இருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அது போதும்.

அப்புறம், படத்தை வைத்து ஜோசியம் பார்க்கக் கூடாது. கறுப்பு பூசினால் துக்கம், சிவப்பு பூசினால் கோபம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பக்கத்துப் பையன் மற்ற நிறங்களைத் தரவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஒரே பயம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், மனநல மருத்துவரிடம் போக வேண்டும். பேஸ்டல் மருந்து இல்லை.

படம் யாருடையது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். வியன்னாவில் பிறந்த ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் படித்த ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைபட்டிருந்த யூதக் குழந்தைகளுக்கு, கிடைத்த காகிதத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். பூச்சாடி, வண்ணத்துப்பூச்சி, நினைவில் இருந்த வீடு என்று பிள்ளைகள் வரைந்தார்கள். சிலர் முகாமின் அடுக்குப் படுக்கையையும் வரைந்தார்கள். படத்தில் அவரவர் பெயரை எழுதச் சொன்னார். எண்ணால் எண்ணப்படும் இடத்தில் அது பெரிய விஷயம். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் அவர் கொல்லப்பட்டார். இரண்டு சூட்கேஸில் அடைத்து வைத்த சுமார் 4,500 படங்கள் தப்பின. பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே பிள்ளை ஒரு படத்தில் பெயர் எழுதினால், அந்தப் படம் பிள்ளையுடையது. பிரிட்ஜில் ஒட்டவும் ஸ்டேட்டஸில் போடவும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாகச் சில நடைமுறை. தூளை ஊதாதீர்கள், தாளைச் சாய்த்துத் தட்டுங்கள். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆயில் பேஸ்டலே கொடுங்கள். முடித்த படத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்தால் போதும், தூளை ஒட்டவைக்கும் ஸ்ப்ரே எல்லாம் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஈரத்துணி மேஜையிலேயே இருக்கிறது.

முதல் சுற்று பெரியவர்களுக்கு. பிள்ளைகள் பின்னால் நின்று பார்க்கட்டும். யாராவது தென்னைமரம் வரைந்தால் தாளைப் பிடுங்கிக்கொள்வேன். வாருங்கள்.